லினக்ஸில் கேம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லையா?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டு கேம் ஆடுபவர்கள் ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன், டெர்மினலில் 'பிஏசிடிஎல் இன்ஃபோ' (pactl info) என்று அடித்துப் பாருங்கள். சர்வர் பெயர் வரியில் பைப்வயர் என்றும் இருந்தால், பழைய சவுண்ட் சர்வரான (எல்லா ஆப்களின் சத்தத்தையும் ஸ்பீக்கருக்கு அனுப்பும் மென்பொருள்) பல்ஸ்ஆடியோவின் இடத்தில் அதுதான் வேலை செய்கிறது. உபுண்டு 22.10 முதல் இதுவே வழக்கம்.

பழைய 32-பிட் கேம் மட்டும் ஊமையாக இருந்தால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கேம் ஆல்சா (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு) வழியாகப் பேசுகிறது, அதை சவுண்ட் சர்வரோடு இணைக்கும் பிளகின் 64-பிட்டில் மட்டுமே இருக்கிறது. 64-பிட் பிளகினை 32-பிட் கேமால் ஏற்ற முடியாது. அதே பிளகினின் 32-பிட் தொகுப்பையும் நிறுவுங்கள். பிரவுசரில் பாட்டு நன்றாகக் கேட்பதால் பலர் இதைச் சந்தேகிப்பதே இல்லை!

சத்தம் வந்தும் கரகரவென்று உடைந்தால் பஃபர் (சத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) போதவில்லை. ஸ்டீம் கேம் ஆப்பில் அந்தக் கேமின் பிராப்பர்ட்டீஸ், லாஞ்ச் ஆப்ஷன்ஸ் போய், பல்ஸ், லேட்டன்சி, எம்செக் மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்கோட்டால் இணைத்து, சமக்குறி போட்டு 60 (மில்லிசெகண்ட்) என்ற எண்ணை மட்டும் எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, இருபுறமும் சதவீதக் குறியோடு ஆங்கிலச் சிறிய எழுத்தில் கமாண்ட். மொத்தத்தில் இப்படி இருக்கும்: PULSE_LATENCY_MSEC=60 %command% இன்னும் உடைந்தால் 90. அதற்கு மேல் ஏற்றினால் துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வரும்.