ஸ்க்ரோல் ஸா பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள், முக்கியமாக ஒன்று

மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, பலகையில் வளைவு வளைவாகப் பூவும் உருவமும் அறுக்கிற மெஷின்தான் ஸ்க்ரோல் ஸா. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் அதை வாங்குகிற ஆட்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சார், காலேஜ் படிக்கிற தம்பி, பிள்ளைகளுக்குப் பொம்மை அறுத்துக் கொடுக்க ஆசைப்படும் டீச்சர் என்று பலவிதம். யாராவது கைகாட்டி விட, என் ஷெட்டுக்கு வந்து நிற்பார்கள். கையில் பாதியில் கெட்டுப்போன ஒரு பலகை இருக்கும். வாங்கிப் பார்த்தால் எல்லாம் எனக்குப் பழக்கமான தப்புகள்தான். அந்தக் காலத்தில் சொல்லித்தர ஆளில்லாமல் நாங்கள் செய்ததை, சொல்லித்தர ஊரே இருக்கும்போதும் இவர்கள் செய்கிறார்கள்.

விரலைப் பிளேடுக்கு நேரே வைக்காதே, கண்ணாடி போடு, பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கு என்பதெல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

அமெரிக்க மெஷின்

மகனோ மருமகனோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று பெருமையாகக் காட்டுவார்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அப்படியே செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது. ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், ஆனால் ஹெர்ட்ஸை அது மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும். மருமகனிடம் மெஷினுக்குப் பதில் நல்ல பிளேடு நாலு டஜன் கேளுங்கள். பெட்டியில் எடையும் ஏறாது.

பின் வைத்த பிளேடை மட்டும் ஏற்கும் மெஷின்

ஸ்க்ரோல் ஸா பிளேடு ஐந்து அங்குல நீளம். அதில் இரண்டு ஜாதி. ஒன்றின் இரண்டு முனையிலும் குறுக்கே சின்னப் பின் இருக்கும், இன்னொன்று வெறும் பிளேடு. விலை குறைந்த மெஷின்களில் சில, பின் வைத்த பிளேடை மட்டும்தான் ஏற்கும். மாட்டுவதற்கு எளிது என்று கடைக்காரர் சொல்வார், உண்மைதான். ஆனால் உள்ளே அறுக்க, பலகையில் ஓட்டை போட்டு அதன் வழியாகப் பிளேடை நுழைத்து மாட்ட வேண்டும். அந்த ஓட்டையைப் பின்னும் நுழைகிற அளவுக்குப் பெரிதாகப் போட வேண்டும். கோலத்தின் சின்னச் சுழி, மயில் தோகையின் கண் இதெல்லாம் அந்த ஓட்டையை விடவே சிறியவை. அப்புறம் எங்கே அறுப்பது? இரண்டையும் ஏற்கும் மெஷின்தான் வாங்க வேண்டும்.

ஒரு உபரித் தகவல்: நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் ஸ்க்ரோல் ஸா பிளேடு என்று கேட்டால் பாதிப் பேர் கையில் பிடித்து அறுக்கிற ஜிக்சாவின் பிளேடை எடுத்து நீட்டுவார்கள். பழைய பிளேடு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

வெளிக்கோட்டை முதலில் அறுப்பது

கூடாது. உள்ளே இருக்கிற ஓட்டைகள் முதலில், வெளி உருவம் கடைசியில்.

பிளேடோடு மல்லுக்கட்டுவது

கோட்டில் நேராகத் தள்ளுகிறேன், பிளேடு ஒரு பக்கமாகவே ஓடுகிறது, மெஷினில் கோளாறு என்று சொல்லி வருவார்கள். மெஷினில் ஒன்றும் இல்லை. சாதாரண பிளேடுகளில் பல் வெட்டும்போது ஒரு பக்கத்தில் மட்டும் பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிப்பதால் பிளேடு அங்கே இழுக்கும், பெரும்பாலும் வலது பக்கம். பலகையை நேராகத் தள்ளாமல், நாலைந்து டிகிரி திருப்பிப் பிடித்துத் தள்ள வேண்டும். கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிவிடும். பழகாமல் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே இருந்தால் பிளேடு வளையும், வெட்டு மேலே ஒரு அளவு கீழே ஒரு அளவாக வரும், கடைசியில் பிளேடு முறியும். இறுக்கமும் முக்கியம். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், தொளதொளவென்று கேட்கக் கூடாது.

காயாத மரம்

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. மற்ற தப்புகளில் ஒரு பிளேடு போகும், அரையடிப் பலகை போகும். இதில் வாரக்கணக்கான உழைப்பு போகும். அதுவும் உடனே போகாது. எல்லாரும் பார்த்துப் பாராட்டி, போட்டோ எடுத்து முடித்த பிறகு போகும்.

பேட்டையிலிருந்து வருகிற தம்பி ஒருவர். நல்ல கை அவருக்கு, பொறுமையும் உண்டு. தென்காசியில் அக்கா வீட்டுப் பால்காய்ப்புக்குப் பூஜை அறைக் கதவில் பதிக்க ஒரு தேக்குப் பலகையில் தாமரையும் சங்கும் சக்கரமும் அறுத்தார். மரம் வாங்கியது ஆடி மாதம், மேற்கே சாரல் அடித்துக்கொண்டிருந்த நேரம், மலையடிவாரத்துக் கடை ஒன்றில்.

"அண்ணாச்சி, நல்லா காஞ்ச மரந்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

"காஞ்சு கருவாடா கெடக்கு தம்பி, யோசிக்காம எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு வந்தார். இரவு இரவாக உட்கார்ந்து அறுத்தார். சங்கின் சுழி ஒன்றுக்கே எத்தனை தரம் பிளேடைக் கழற்றி மாட்டினாரோ! முடித்ததும் பின்னால் ஒரு பிளைவுட் வைத்து, பலகை முழுக்கப் பெவிகால் தடவி அழுத்தி ஒட்டிவிட்டார். ஐப்பசியில் பால்காய்ப்பு நடந்தது, வந்தவர்கள் எல்லாரும் மூக்கில் விரல் வைத்தார்கள். மாசியில் தாமரை இதழிலிருந்து சங்கு வரைக்கும் தலைமுடி போல ஒரு கீறல் தெரிந்தது. சித்திரை வெயிலில் அதில் நகம் நுழைந்தது. சக்கரத்தின் இரண்டு ஆரம் பொட்டென்று விட்டுவிட்டன.

"அண்ணாச்சி, பிளேடு சரியில்லையோ?" என்று என்னிடம் போனில் கேட்டார். பிளேடு என்ன செய்யும், பாவம்.

மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நார்க் குழாய்களுக்குள் நிற்கிற தண்ணீர் ஒன்று, நாரின் சுவரிலேயே ஊறியிருக்கிற தண்ணீர் இன்னொன்று. முதலாவது போகும்போது மரம் எடை குறையுமே தவிர சுருங்காது. ஏறக்குறைய 30 சதவீத ஈரத்துக்குக் கீழே வந்த பிறகுதான் சுவரில் இருக்கிற தண்ணீர் வெளியேறத் தொடங்கும், அப்போதுதான் மரம் சுருங்கும். அதனால்தான் தொட்டுப் பார்த்து ஏமாந்து போகிறோம். மேல்பகுதி காய்ந்து சொரசொரப்பாக இருக்கும், உள்ளே சுருக்கம் இன்னும் ஆரம்பித்திருக்கவே செய்யாது.

சுருங்குவதும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இல்லை. நீளவாக்கில் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். அகலவாக்கில்தான் விஷயம். ஆண்டு வளையத்தை ஒட்டினாற்போல அறுத்த பலகை, வளையத்துக்குக் குறுக்கே அறுத்த பலகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். குறைவாக அசைகிற மரம் என்று பேர் வாங்கிய தேக்கிலேயே, ஒரு அடி அகலப் பலகை பச்சையிலிருந்து 12 சதவீத ஈரத்துக்கு வரும்போது சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையலாம். அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கே போகும்? பலகை தனியாகக் கிடந்தால் சத்தமில்லாமல் ஒடுங்கிக்கொள்ளும். பின்னால் அசையாத பிளைவுட்டோடு முழுக்க ஒட்டியிருந்தால் ஒடுங்க வழியில்லை, வெடிக்கும். நம் வேலையில் பலகை முழுக்க ஓட்டை வேறு. ரேகைக்கு, அதாவது நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே, ஓட்டைகளுக்கு நடுவே நிற்கிற சின்னச் சின்னப் பாலங்கள்தான் எல்லாப் பாரத்தையும் தாங்குகின்றன. முதலில் விடுவதும் அவைதான்.

மரக்கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவர் கணக்குக்கு அது காய்ந்த மரம். கதவு செய்கிற ஆசாரி நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில் நுழைத்து, பசை போடாமல் சும்மா விட்டுவிடுவார். பலகை சுருங்கினாலும் ஊதினாலும் காடிக்குள்ளேயே அசைந்துகொள்ளும். நம் ஊர்ப் பழைய வீட்டுக் கதவுகளைத் தட்டிப் பாருங்கள், நடுப்பலகை லேசாக ஆடும். ஆட வேண்டும் என்றே செய்தது அது. இந்தத் தம்பி அதைப் பார்த்துவிட்டு 'பழசாகி ஆடுகிறது' என்று நினைத்திருப்பார்.

இன்னொரு விஷயம் நம் சீமைக்கே உரியது. ஆனி, ஆடியில் குற்றாலம், செங்கோட்டை, பாபநாசம் பக்கமெல்லாம் சாரலில் ஈரம் ஊறிக் கிடக்கும். அதே நாளில் பாளையங்கோட்டையில் அனல் காற்று வீசும். பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்தான் தூரம், ஆனால் மரத்துக்கு அது வேறு தேசம். சூளையில் காயவைத்த மரம்கூட ஈரக் காற்றில் கிடந்தால் திரும்ப ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகையால் எங்கே வாங்கினாலும், வேலை செய்யப் போகிற இடத்தில் இரண்டு மூன்று வாரமாவது போட்டுவைத்துத் தொடுங்கள். அறுத்த பொருள் ஏ.சி. அறைக்குப் போகிறதென்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வாங்கத் தேவையில்லை, சமையலறைத் தராசு போதும். பலகையின் ஓரத்தில் வெட்டாதீர்கள், ஓரம் எப்போதும் முந்திக் காய்ந்திருக்கும். நடுவிலிருந்து ஒரு துண்டு எடுத்து எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். வாராவாரம் எழுதுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு பிளேடு மாட்டலாம். கணக்காகத் தெரிய வேண்டுமென்றால் அந்தத் துண்டை ஓவனில், நூறு டிகிரிக்குச் சற்று மேலே, எடை இறங்குவது நிற்கும் வரைக்கும் காயவையுங்கள். முன்பு 200 கிராம், இப்போது 160 என்றால் போனது 40. அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 25 சதவீத ஈரம். அது விறகுக்கே ஈரம்.

சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் பரப்புகிறவர்களும் உண்டு. அந்த வெயிலில் கருவாடு காயும், மரம் காயாது, வெடிக்கும். மேல்பகுதி வேகமாகச் சுருங்க, உள்ளே ஈரம் பிடித்து நிறுத்த, நடுவில் பிளவு. நிழலில், காற்று ஓடுகிற இடத்தில், பலகைக்குப் பலகை நடுவே ஒரே கனக் குச்சிகள் கொடுத்து அடுக்குங்கள். இரண்டு முனையிலும் பெயிண்ட் தடவிவிடுங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக் கணக்கு, மரத்தையும் இடத்தையும் பொறுத்து முன்பின் ஆகும்.

அவ்வளவு பொறுமை இல்லையா? சரி, பழைய மரம் வாங்குங்கள். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது உத்திரம், நிலை, சட்டம் எல்லாம் விலைக்கு வரும். காய வேண்டியதெல்லாம் எப்போதோ காய்ந்து முடித்த மரம். ஒரு காந்தத்தை எடுத்து மேலெல்லாம் ஓட்டி, ஒளிந்திருக்கிற ஆணியைப் பிடுங்கிவிட்டு அறுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், பழகுகிற காலத்தில் நல்ல பிளைவுட்டே மேல். அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டியிருப்பதால் பாலங்கள் எந்தப் பக்கமும் தாங்கும், அசைவும் மிகக் குறைவு. பிளைவுட்டில் செய்தால் மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் அவரையே தேக்கு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

பின்பலகை கட்டாயம் வேண்டுமென்றால் முழுக்கப் பசை தடவாதீர்கள். நடுவில் ரேகை போகிற திசையிலேயே ஒரு கோடு மட்டும் பசை, ஓரங்களில் நீள ஓட்டை போட்டு ஸ்க்ரூ. மரம் அதில் வழுக்கிக்கொள்ளும். தம்பி இரண்டாவது பலகையை இப்படித்தான் செய்தார், பழைய வாசல் நிலையிலிருந்து எடுத்த மரத்தில்.

படத்தை நேராக மரத்தில் ஒட்டுவது

பிரிண்ட் எடுத்த தாளைப் பெவிகால் போட்டு மரத்திலேயே ஒட்டிவிட்டு, பிறகு தண்ணீர் தொட்டு உரசி எடுக்கிறேன் என்று ரேகைக்குள் பசையை ஏற்றிவிடுவார்கள். அதன் மேல் வார்னிஷ் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். முதலில் மரத்தின் மேல் மாஸ்கிங் டேப், அதன் மேல் தாள். முடிந்ததும் ஒரே உரியல். ஈட்டி மாதிரி கடினமான மரமென்றால் எல்லாவற்றுக்கும் மேலே பார்சல் ஒட்டுகிற டேப்பும் ஒரு வரிசை போடுங்கள். வெட்டு கருகுவது நன்றாகக் குறையும்.

தூசி

மெஷினில் ஒரு சின்னக் குழாய் காற்று ஊதுமே, அது தூசியைக் கோட்டிலிருந்து விரட்டி நம் மூக்குக்கு அனுப்புகிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. என்95 மாஸ்க் போடுங்கள். கைக்குட்டை மாஸ்க் ஆகாது.

எண்ணெய்த் துணி

லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூட்டைக் கக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும், அதுவும் பட்டறை முழுக்க மரத்தூள் கிடக்கிற இடத்தில். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் முக்கிவையுங்கள். நன்றாகக் காய்ந்து விறைத்த பிறகு குப்பையில் போடலாம்.