கூட்டல் குறி சொன்ன உண்மை

நூலகப் பட்டியலுக்கு லூசீன் என்ற தேடல் மென்பொருளில் தேடல் அமைத்திருந்தேன். சோழர் ‘ஆர்’ (அல்லது) பாண்டியர் ‘ஆண்ட்’ (மற்றும்) கல்வெட்டு என்று தேடினேன்; சோழர் பற்றிய நூல்களும், பாண்டியர், கல்வெட்டு இரண்டும் உள்ள நூல்களும் வர வேண்டும். ஆனால் சோழர் நூல்கள் பாதிக்கு மேல் காணவில்லை. உரையைத் தனிச் சொற்களாக உடைக்கும் தமிழ்ச் சொற்பிரிப்பில்தான் கோளாறு என்று இரண்டு மாலைகளை வீணாக்கினேன். (பழியைத் தமிழ் மேல் போடுவது எவ்வளவு சுலபம்!) கடைசியில், நான் எழுதிய தேடல் வரியைப் படித்துப் பொருள் பிரிக்கும் பாகுபடுத்தி உருவாக்கிய வினவலை அச்சிட்டுப் பார்த்தேன்:

சோழர் +பாண்டியர் +கல்வெட்டு

கூட்டல் குறி இருந்தால் அந்தச் சொல் கட்டாயம். குறி இல்லாத சோழர், முடிவுகளை வரிசைப்படுத்தும் மதிப்பெண்ணை வெறுமனே கூட்டும் விருந்தாளி; வராவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பாகுபடுத்தி ‘ஆண்ட்’ முதலில், ‘ஆர்’ பிறகு என்ற வழக்கமான முன்னுரிமையைப் பார்ப்பதில்லை.

தேடலை ஒரே வரி உரையாக எழுதுவதை விட்டேன். வினவலை நிரலிலேயே துண்டு துண்டாகக் கட்ட உதவும் லூசீனின் பூலியன்குவெரி பில்டரில் பாண்டியர், கல்வெட்டு இரண்டையும் ‘மஸ்ட்’ (கட்டாயம்) என உள்ளே ஒரு தொகுதியாகக் கட்டி, அந்தத் தொகுதியையும் சோழரையும் வெளியே ‘ஷுட்’ (ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்) ஆக்கினேன். மீண்டும் அச்சிட்டேன்:

சோழர் (+பாண்டியர் +கல்வெட்டு)

நூல்கள் வந்து சேர்ந்தன.