பகிஷ்கரிப்பில் இறங்கும் முன்: பல்கலைக்கழக ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் சங்கத்தின் இளம் பிள்ளைகள் சிலர் ஒரு பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வந்தார்கள். படியில் நின்றபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டார்கள்: "வெற்றி! நாளைக்குக் காலையில எல்லாரும் வேலைக்கு வாங்க." கையில் ஒரு தாள்கூட இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. இதே காரியத்தை இதே சந்தோஷத்தோடு நானும் ஒருநாள் செய்திருக்கிறேன்.

கறுப்புப் பட்டி கொண்டுவர மறப்பது, பதாகையில் எழுத்துப் பிழை விடுவது, வெயிலுக்குள் தண்ணீர் இல்லாமல் நிற்பது எல்லாம் ஒரு தடவை இறங்கினால் தானாகச் சரியாகிவிடும். ஒருமுறை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாத தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாய்வார்த்தையை நம்பி வேலைக்குத் திரும்புவது

நான் கிளைச் செயலாளராக இருந்த முதல் பகிஷ்கரிப்பு அது. மூன்றாவது வாரம். இரவு ஒன்பது மணி தாண்டிப் பேச்சு நடந்தது. எதிரே இருந்த அதிகாரி நல்ல மனிதர், எங்கள் கஷ்டம் விளங்கியவர். "அடுத்த கிழமை அமைச்சரவைப் பத்திரம் போகும், நீங்கள் நாளைக்கே வேலையைத் தொடங்குங்கள்" என்றார். கைகுலுக்கினோம். பிளேன்டீ வந்தது. கூட்டறிக்கை எழுதியது நான்தான். "கொள்கையளவில் இணக்கம் காணப்பட்டது" என்று எழுதினேன். எவ்வளவு தொகை, எந்த மாதத்திலிருந்து, யார் பொறுப்பு, ஒன்றும் இல்லை. அந்த அதிகாரியின் கையொப்பமும் இல்லை.

அடுத்த கிழமை பத்திரம் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. அந்த அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போனார். புதிதாக வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "எழுத்தில் என்ன இருக்கிறது?" என் கூட்டறிக்கையை நீட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அதோடு முடியவில்லை. பகிஷ்கரித்த நாட்களுக்கான சம்பளத்தை வெட்டினார்கள். ஆய்வுகூடத்தில் ஒப்பந்த அடிப்படையில் இருந்த இருவருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதில் ஒருவர் என் பேச்சைக் கேட்டுத்தான் வாசலுக்கு வந்தவர். இரண்டு பிள்ளைகள். அவருடைய வீட்டுக்குப் போய் நான் என்ன சொல்ல முடியும்? ஆறு மாதம் கழித்து மறுபடி அழைப்பு விடுத்தோம். பாதிப் பேர்தான் வந்தார்கள். வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை வெறுங்கையோடு திரும்பியவர்களை இரண்டாம் முறை வெளியே எடுப்பது லேசான வேலை இல்லை. இவ்வளவு வருடம் கழித்தும் அந்த ஒரு வரியை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், எதிரே இருப்பவரிடம் பணம் இல்லை என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். உபவேந்தரால் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு ரூபா கூட்ட முடியாது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சுற்றறிக்கை வெளியிடலாம். ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் வரும் தொகைக்குத் திறைசேரி சம்மதிக்க வேண்டும், முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் பார்க்க வேண்டும், பெரிய மாற்றம் என்றால் அமைச்சரவைக்குப் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். அவர் மனதார வாக்குத் தந்தாலும், அடுத்த கண்ணியின் வாக்கை அவரால் தர முடியாது.

ஆகவே திரும்பும் முன் கையில் இருக்க வேண்டிய தாளில் தொகையோ சதவீதமோ எண்ணில் இருக்கட்டும். எந்தத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்று இருக்கட்டும். நிலுவை உண்டா இல்லையா என்று இருக்கட்டும். திறைசேரியின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள். அது வரவில்லை என்றால் எப்போது வரும் என்ற திகதியை எழுதி வாங்குங்கள். பகிஷ்கரித்த நாட்களை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை மறக்காதீர்கள். தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் பழிவாங்கல் இல்லை என்று தனி வரியாகவே எழுதுவியுங்கள். "ஊழியர் எவருக்கும்" என்று பொதுவாக எழுதினால் ஒப்பந்தக்காரர் அதற்குள் வரமாட்டார் என்று பிறகு சொல்வார்கள். எங்களுக்குச் சொன்னார்கள்.

அப்புறம், அந்தத் தாளைப் பொதுக்கூட்டத்தில் முழுதாக வாசித்து, கை உயர்த்தி வாக்கெடுத்த பிறகுதான் வேலைக்குத் திரும்ப வேண்டும். படியில் நின்று குரல் பதிவு போடுவது வேண்டாம், பிள்ளைகளே. இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய் ஒப்புக்கொள்வதும் வேண்டாம். "உறுப்பினர்களிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று எழுந்து வருவதில் எந்த அவமரியாதையும் இல்லை.

கையிருப்பு இல்லாமல் இறங்குவது

2024 மே மாதத் தொடக்கத்தில் கல்விசாரா ஊழியர்கள் மாதாந்த இழப்பீட்டுக் கொடுப்பனவுக்காக இறங்கிய பகிஷ்கரிப்பு இரண்டு மாதத்தைத் தாண்டிப் போனது. இரண்டு மாதம்! எங்களில் அநேகம் பேர் இடர்கடன் (அவசரத் தேவைக்குச் சம்பளத்தின்மேல் எடுக்கும் கடன்) எடுத்தவர்கள், வங்கிக் கடன் சம்பளத்திலேயே வெட்டுப்படுகிறவர்கள். சம்பளம் நின்றாலும் வட்டி நிற்காது. வீட்டுக்காரியைக் கேட்காமல் வாசலில் வந்து நின்றவர்தான் மூன்றாம் கிழமை முதலில் உள்ளே போவார். அவரைத் துரோகி என்று ஏசுவதை விட, அவருக்கு அரிசிக்கு வழி பண்ணுவது சங்கத்தின் வேலை.

வர்த்தமானியைப் பார்க்காமல் இருப்பது

1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தை வாசித்து வையுங்கள். அதன்கீழ் உங்கள் சேவையை அத்தியாவசியம் என்று வர்த்தமானியில் அறிவித்துவிட்டால், வேலைக்கு வராமல் நிற்பதே குற்றமாகிவிடும். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் வேலை இழந்தவர்கள் பல்லாயிரம் பேர். சட்டத்தரணியின் இலக்கம் தொலைபேசியில் இருக்கட்டும்.

எதை நிறுத்தக்கூடாது என்று முடிவெடுக்காமல் போவது

விடுதித் தண்ணீர். மருத்துவ நிலையம். ஆய்வுகூட உறைபெட்டிகள். விலங்குக் கூடம். இவற்றுக்கு யார் எந்த நேரம் போவது என்று முதல் நாளே பட்டியல் போட்டு நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஒரு தடவை உறைபெட்டி நின்று ஓர் ஆய்வு மாணவியின் இரண்டு வருட மாதிரிகள் கெட்டுப்போயின. அந்தப் பிள்ளை அழுதது எங்களுக்கு முன்னால்தான்.

சொந்தச் சம்பளத்தை மட்டும் பேசுவது

2012 யூலையிலிருந்து ஒக்டோபர் வரை விரிவுரையாளர்கள் ஏறத்தாழ 100 நாள் நின்றார்கள். அவர்களும் சம்பளம் கேட்டார்கள். ஆனால் தேசிய உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற கோரிக்கையையும் முன்னால் வைத்ததால்தான் காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தபோது மாணவரும் கூட நடந்தார்கள். பரீட்சை தள்ளிப்போகிற மாணவனுக்கும், வெளிநாட்டு அனுமதிக்குப் பெறுபேற்றுச் சான்றிதழ் கிடைக்காமல் அலைகிறவளுக்கும் உங்கள் போராட்டத்தில் என்ன இருக்கிறது? அதற்குப் பதில் இல்லாமல் துண்டுப்பிரசுரம் அச்சடிக்க வேண்டாம்.

விரிவுரையாளரும் கல்விசாரா ஊழியரும் தனித்தனியே நிற்பது

ஒருவர் நிற்கும்போது மற்றவர் வேடிக்கை பார்த்தால், அடுத்த முறை இடம் மாறும்.

ஒரே மொழியில் நடத்துவது

கொழும்பில் நடக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கின்றன. எனக்கு அது பிரச்சினை இல்லை. சிங்களத் தோழர்களோடு ஒரே மேசையில் இருந்து வளர்ந்தவன் நான். ஆனால் தமிழ் பேசுகிற யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலும் எங்கள் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முடிவு இரவு எடுக்கப்படுகிறது, தமிழ்ப் பிரதி இரண்டு நாள் கழித்துப் போகிறது. அதற்குள் அங்கே வதந்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. உடன்பாட்டுத் தாளைத் தமிழில் பார்க்காமல் அவர்கள் எதற்குக் கை உயர்த்துவது?

மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு அனுப்புங்கள். எந்த நேரமானாலும் சரி, விடிவதற்குள் செய்து தருகிறேன்.