ஹோஸ் போகட்டும், கழுத்து பிழைக்கட்டும்

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீரைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ரேடியேட்டர் ஹோஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது ஏறி உட்கார்ந்திருக்கும் கழுத்து, அதாவது குட்டையான குழாய் முனை, உடைந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடியிலுள்ள அலுமினியக் கழுத்து உடைந்தாலோ, பழைய வண்டியாக இருக்கும்பட்சத்தில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைய வேண்டும். கோவையில் பட்டறை வைத்திருக்கும் நான், புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: ஒட்டிப்போன ஹோஸைக் காப்பாற்றப் பார்க்காதே, கழுத்தைக் காப்பாற்று.

என்னிடம் வருபவற்றில் பாதி பழைய மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர் கொண்ட அந்தச் சின்ன எஞ்சினை இன்னும் பாசத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. ஆனால் அவர்களில் பலர் துருத்தடுப்பு மருந்து கலந்த கூலண்ட் ஊற்றுவதில்லை. போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அதிலுள்ள உப்பு கழுத்தின் விளிம்பில் படிகிறது. துருத்தடுப்பு மருந்து இல்லாததால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே ஏறிக்கொள்கிறது. சூட்டில் வெந்து வெந்து இறுகிய ரப்பர் அந்தப் பொடியைப் பிடித்துக்கொண்டு கல்லாகிவிடுகிறது. சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலண்ட் ஒழுங்காக ஊற்றிய வண்டியில் ஹோஸ் இவ்வளவு முரண்டு பிடிப்பது அரிது.

வேலையை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே தொடங்க வேண்டும். காலையில் முதல் வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி தானே சுற்றும், கை உள்ளே இருக்கும்போது அது வேண்டாம். பிறகு அடியில் தட்டு வைத்துக் கூலண்டை வடித்துவிடுங்கள். அது இனிக்கும், நஞ்சு. தெருநாய் நக்கிவிட்டால் செத்துப்போகும். தட்டைத் திறந்தபடி விட்டு நகராதீர்கள்.

அடுத்து கிளிப். திருகு வைத்த கிளிப் என்றால் அதன் அறுகோணத் தலையில் 7 அல்லது 8 மி.மீ. சாக்கெட் பெரும்பாலும் உட்காரும். ஸ்குரூடிரைவர் வழுக்கிக் கையைக் கிழிப்பதைவிட அது பாதுகாப்பு. துருப்பிடித்துச் சுற்றாவிட்டால் கிளிப்பை வெட்டி எறியுங்கள். ஸ்பிரிங் கிளிப் என்றால் பிளேயரால் இரண்டு காதுகளையும் நெருக்கி, கழுத்தைத் தாண்டி ஹோஸின் நடுப்பகுதிக்குத் தள்ளிவிட வேண்டும். கிளிப் இருந்த இடத்தில் ரப்பரில் ஒரு பள்ளம் தெரியும். ஹோஸ் மிக இறுக்கமாக ஒட்டியிருப்பது அங்கேதான்.

இப்போது கை தானாக இழுக்கப் போகும். இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க ரப்பர் நீளும். நீளும்போது அதன் விட்டம் சுருங்கிக் கழுத்தை இன்னும் இறுக்கும். முதலில் ஹோஸைக் கழுத்தின்மீதே இன்னும் உள்ளே தள்ளுங்கள். தள்ளினால் ரப்பர் புடைத்து லேசாகத் தளரும். பிறகு இடம் வலமாகத் திருகுங்கள். கையில் இறுகிய வளையலைச் சோப்பு போட்டுச் சுழற்றிக் கழற்றுவது போலத்தான் இதுவும். சிறிது அசைந்தாலே பிடிப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு திருகிக்கொண்டே வெளியே நகர்த்தலாம். அசையவில்லை என்றால் கொதிநீரில் நனைத்த துணியை ஹோஸின் நுனியில் சுற்றிச் சில நிமிடம் விடுங்கள். முனை வளைந்த மழுங்கிய கொக்கி இருந்தால் ரப்பரின் விளிம்புக்கடியில் நுழைத்துச் சுற்றி வரலாம், அந்த இடைவெளியில் சோப்புத் தண்ணீர் விடலாம். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் வேண்டவே வேண்டாம். இந்த ஹோஸ்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் செய்தவை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறிப்போகும். நீங்கள் கழற்றுவது வீணாகப் போகிற ஹோஸ்தான் என்றாலும், கழுத்தில் தங்கும் எண்ணெய் புதிய ஹோஸையும் கெடுக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் பிளேடை எடுங்கள். ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பாதீர்கள். பிந்தைய வண்டிகளின் ரேடியேட்டர் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. வருடக்கணக்காகச் சூட்டைக் கண்ட பிளாஸ்டிக் ஒரே நெம்பில் விண்டுவிடும்.

வெட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு, இதை அவசரப்படாமல் படியுங்கள். பிளேடைக் கழுத்தின் நீளவாக்கில் வைத்து, ஹோஸின் விளிம்பிலிருந்து கழுத்து முடியும் இடம் வரை கோடு இழுக்க வேண்டும். ஒரே அழுத்தில் உலோகம் வரை இறக்கக் கூடாது. கழுத்தில் நீளவாக்கில் விழும் கீறல், தண்ணீர் வெளியே வர வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும். எவ்வளவு கிளிப் முறுக்கினாலும் அங்கே கசியும். ஹோஸின் நடுவில் ஒரு நூல் அடுக்கு இருக்கும். மெல்ல மெல்லப் பல முறை கீறுங்கள். முதலில் வழவழவென்று போகும் பிளேடு, நூலைத் தொட்டதும் நறநறக்கும். நூல் அறுந்த இடத்தில் பிளேடை நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே இருப்பது மெல்லிய ரப்பர் மட்டுமே. கீறலின் இரு உதடுகளையும் விரலால் விரித்தால் அது தானே கிழியும். பிறகு மரப்பட்டையை உரிப்பது போல, ஒரு பக்கமிருந்து சுற்றி உரித்துவிடலாம்.

டேஷ்போர்டுக்குப் பின்னே போகும் ஹீட்டர் ஹோஸ்களை மட்டும் நான் திருகிப் பார்ப்பதே இல்லை, நேராக வெட்டிவிடுவேன். ஊட்டிக்குப் போய்வருபவர்களைத் தவிர இங்கே ஹீட்டரை யாரும் நினைப்பதில்லை, அதனால் அந்த ஹோஸ்களை வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அவை ஏறியிருக்கும் குழாய் மெல்லியது. திருகினால் ஹோஸோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொள்ளும்; பிறகு அந்த ஹீட்டரை எடுக்கப் பல வண்டிகளில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டுபோகும் சிறிய வேக்குவம் குழாய்களுக்கும் இதே நியாயம்தான். பெட்ரோல் ஹோஸ் பற்றி ஒரே வார்த்தை: அதற்குச் சூடு காட்டவே கூடாது. ஊசி முறை எரிபொருள் (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் அந்த ஹோஸுக்குள் அழுத்தம் நிற்கும் என்பதால் அதைப் பழகிய கையிடம் விடுங்கள்.

கழற்றிய பிறகு கழுத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர்த் துணுக்கையும் வெள்ளைப் பொடியையும் உப்புத்தாளால் கழுத்தைச் சுற்றிய வாக்கில் தேயுங்கள், நீளவாக்கில் வேண்டாம். பொடி உள்ளே விழாமல் முதலில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்தத் துணியை மறக்காமல் எடுங்கள். கசிவை அடைக்கும் கேஸ்கெட் பசை தடவி ஹோஸை மாட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அடுத்த முறை கழற்றுபவர் படும் பாட்டுக்கு அதுவே காரணம். புதிய ஹோஸின் உட்புறத்தைக் கூலண்டில் நனைத்தால் போதும், சுலபமாக ஏறும். கிளிப் கழுத்து நுனியின் மேட்டின்மீது உட்காராமல், அதைத் தாண்டிய பள்ளத்தில் உட்கார வேண்டும்.

கூலண்டை மெதுவாக ஊற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை எஞ்சினை ஓட விடுங்கள். முழுக்க ஆறிய பிறகு மூடியைத் திறந்து குறைந்ததை நிரப்புங்கள். திருகு கிளிப் போட்டிருந்தால், புது ரப்பர் சூட்டில் சற்று அமுங்கியிருக்கும்; அப்போதே அதை இன்னொரு அரைச் சுற்று முறுக்கிவிடுங்கள்.