மாங்கனீசைத் துத்தநாகம்போல நடத்தாதீர்கள்: எஃகு முலாமில் வழக்கமாக நேரும் தவறுகள்

துத்தநாக முலாம் பூசிப் பழகிய கை, மாங்கனீசுக் கலவைக்கு மாறும்போது தொட்டியில் உப்பை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு பட்ட பாடுகள் அநேகமாக எல்லாமே அந்த ஒரு நினைப்பிலிருந்து வந்தவை.

முதலில் எண்களை மட்டும் பார்த்து மயங்குவது. திட்ட மின்னழுத்தம் எவ்வளவு எதிர்மமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதில் உலோகம் கரையும்; அது இரும்புக்கு −0.44 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76, மாங்கனீசுக்கு −1.18. எஃகுக்காகத் தான் கரைந்துகொடுக்கும் உலோகம்தான் வேண்டும் என்றால், மாங்கனீசு கூடக்கூட நல்லது என்று தோன்றும். ஆனால் அவ்வளவு துடிப்பான உலோகம் எஃகு கேட்காமலேயே ஈரத்தில் கரையும். வெறும் காற்றிலேயே கறுக்கும். துத்தநாகத்தையோ சிறிது செம்பையோ சேர்ப்பதற்கு இந்த அவசரத்தை அடக்குவதும் ஒரு காரணம்.

அடுத்தது, பூச்சு நேரத்தைப் பழைய கணக்கில் வைப்பது. ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் 10 மைக்ரான் தடிமனுக்கு ஏறத்தாழ 0.73 கிராம் மாங்கனீசு படிய வேண்டும். 5 ஆம்பியர் முழுவதும் உலோகத்துக்கே போனால் எட்டரை நிமிடம். அப்படிப் போகாது, கணிசமான பங்கை ஹைட்ரஜன் வாங்கிக்கொள்ளும். பாதி போனால் 17 நிமிடம். எனவே, பூசும் முன்னும் பின்னும் தகட்டை எடைபோட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. நிக்கல், கோபால்ட் போன்றவை கரைசலில் இம்மியளவு கலந்தாலும் ஹைட்ரஜன் இன்னும் எளிதாக வெளியேறும். தொட்டிக்குள் தவறி விழுந்த ஒரு நிக்கல் கொக்கியை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஹைட்ரஜன் வெளியேறும் இடத்தில் காரத்தன்மை ஏறும். தொட்டியின் நடுவே எடுத்த பிஎச் அளவு சரியாக இருக்கும். தகட்டின் முகத்திலோ மாங்கனீசு ஹைட்ராக்சைடு திரண்டு, பூச்சுக்குள் சிக்கிப் பழுப்பாகும். அம்மோனியம் சல்ஃபேட்டைத் தாராளமாகச் சேர்ப்பது இதைத் தாங்கத்தான். செலவு மிச்சம் என்று அதைக் குறைப்பது பொய்ச் சிக்கனம்.

நேர்மின்வாயையும் பலர் கவனிப்பதில்லை. கரையாத நேர்மின்வாயில் மாங்கனீசு அயனிகள் டையாக்சைடாக மாறிக் கரும்பழுப்புச் சேறாக உதிரும். அந்தத் துகள் பூச்சில் ஒட்டினால் தகட்டைத் தடவும்போது மணல்தாள்போல உறுத்தும். நேர்மின்வாயைத் துணித்தடுப்புக்குள் வைத்துத் தனியறையாகப் பிரித்துவிட வேண்டும்.

செம்பு கலந்த தொட்டியில் எஃகை மின்னோட்டம் இல்லாமல் இறக்கக் கூடாது. சில நொடிகளில் இரும்பு கரைந்து, அந்த இடத்தில் செம்பு மெல்லிய ரோசாநிறப் படலமாக அமர்ந்துவிடும். அதன்மேல் ஏறும் பூச்சு பின்னர் தோலாக உரியும். மின்னிணைப்பு கொடுத்த நிலையிலேயே இறக்குங்கள், அப்படியே எடுங்கள். மின்னோட்டத்தை நிறுத்திவிட்டுத் தகட்டை உள்ளே விட்டால் இப்போது மாங்கனீசு கரைந்து செம்பு படியும்; பளபளப்பாக இருந்தது கண்ணெதிரே கறுக்கும்.

எல்லாவற்றிலும் என்னை ஏமாற்றியது இன்னொன்று. தூய மாங்கனீசு பூசிய தகட்டை அன்றே வளைத்தேன். ஒரு கீறலும் இல்லை. மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். சில வாரம் கழித்து அதே தொகுப்பின் இன்னொரு தகட்டை வளைத்தபோது பூச்சு செதில் செதிலாக மேசையில் கொட்டியது. தகட்டை யாரும் தொடவில்லை. உள்ளமைப்பு மட்டும் மாறியிருந்தது. மாங்கனீசு முதலில் வளையக்கூடிய காமா என்ற படிக வடிவில் படியலாம்; அறை வெப்பநிலையிலேயே அது மெல்ல மெல்ல நொறுங்கும் ஆல்ஃபாவாக மாறிவிடும். சிறிதளவு செம்பு காமாவை நிலைநிறுத்துகிறது. அதற்காக அளவு மீறினால் பூச்சின் தியாகக் குணம் குறையும். ஆகவே வளைவுச் சோதனையைப் பூசிய நாளில் மட்டும் செய்து முடிவெழுதாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் செய்யுங்கள்.

உயர்வலிமை எஃகு போல்ட்டுகளுக்கு ஹைட்ரஜன் உட்புகுந்து திடீரென முறியும் ஆபத்து தனியே உண்டு. இத்தனை ஹைட்ரஜன் வெளியேறும் தொட்டியில் அவற்றை முன்யோசனையின்றி இறக்கக் கூடாது.

உப்புத் தெளிப்புச் சோதனையில், அதாவது 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் தெளிக்கும் அறையில், பழுப்புக் கறையைக் கண்டதும் துரு என்று எழுதுவது இன்னொரு தவறு. துத்தநாகத்தின் அரிப்பு வெள்ளையாக வருவதால் அங்கே பழுப்பைத் துரு என்று கொள்ளலாம். மாங்கனீசின் ஆக்சைடே பழுப்பு நிறம். இப்படி நல்ல தகடுகளை நானே குப்பையில் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் கறையை அடியிலுள்ள எஃகைத் தொடாமல் சுரண்டி, வடிதாளில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டும் பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசல் ஒரு சொட்டும் விடுகிறேன். உடனே அடர்நீலம் படர்ந்தால் இரும்பு. படராவிட்டால் தகடு மீண்டும் அறைக்குள் போகிறது.