ஆட்டுத்தோலில் ஒரு பின்னல் எழுத்து: மாசிக்காய் மையிலிருந்து செம்புள்ளி வரை

அயர்லாந்துச் சுவடிகளின் பாணியில் ஓர் எழுத்து வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தங்க ரேக்கைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். அந்தச் செலவு வேண்டாம். கி.பி. 800 வாக்கில் எழுதப்பட்டு, இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நற்செய்திச் சுவடியில் தங்கமே கிடையாது. அதில் தங்கம் போலத் தெரிவது அரிதாரம் என்னும் மஞ்சள் கனிமம். அதற்கு ஏறத்தாழ நூறு வருஷம் முந்தைய, வட இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவைச் சேர்ந்த சுவடியில் தங்கம் ஒன்றிரண்டு இடத்தில் துளி அளவுக்கு உண்டு, அவ்வளவுதான். அந்தப் பக்கங்களைப் பார்த்து மலைத்துப் போவது அளவெடுத்துப் போட்ட பின்னலைக் கண்டுதான். வேலையில் பாதி நேரத்தைப் புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒதுக்குங்கள். வண்ணம் கடைசி நாள் வேலை.

இங்கே செய்யப் போவது ஒரே ஓர் எழுத்து: லத்தீன் ‘ஐ’, அதாவது நிமிர்ந்த ஒற்றைத் தூண். யோவான் நற்செய்தி ‘இன் பிரின்சிப்பியோ’ என்று இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. தூண் 18 மி.மீ. அகலம், 48 மி.மீ. உயரம், உள்ளே பின்னல், வெளியே செம்புள்ளி. இது கைக்கு வந்தபின் இரண்டு தூணை நிறுத்தி அடியில் ஒரு பட்டை போட்டால் நம் ‘ப’ வந்துவிடும். ‘அ’வை முதலில் தொடாதீர்கள், வளைவில் பின்னலை மடக்குவது தனி வித்தை.

தோல்

ஈரோட்டுப் பட்டறைகளில் கிடைக்கும் பதனிட்ட தோல் இதற்கு உதவாது. சுவடித் தோல் பதனிடப்படுவதில்லை. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டிக்கொண்டே காய வைப்பார்கள். நம் பக்கத்தில் இதற்கு மிக நெருக்கமானது பறைக்கும் உடுக்கைக்கும் கட்டுகிற ஆட்டுத்தோல். அந்த வேலை செய்பவர்களிடம் சொல்லிவைத்தால், எண்ணெய் தடவாத மெல்லிய துண்டு ஒன்று, 15 × 20 செ.மீ. அளவில், வாங்கலாம். அவர்கள் கட்டுக்கு மிஞ்சியதே போதும்.

வாங்கிய தோலை 400 நம்பர் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் வட்டமாகத் தேய்த்து, பிறகு குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லைப் பொடித்துத் தூவி, துணியால் அழுத்தித் துடையுங்கள். மயிர்ப் பக்கம் சற்று மஞ்சளாக, நுண்துளைகளோடு இருக்கும். சதைப் பக்கம் வெளுப்பாக இருக்கும். முதல் வேலைக்குச் சதைப் பக்கம் நல்லது. மை ஒட்டாமல் திரண்டு திரண்டு நின்றால் அங்கே கொழுப்பு இருக்கிறது என்று பொருள். தண்ணீர் விட்டுக் கழுவினால் தோல் சுருண்டு பாழாகிவிடும். நுரைக்கல் பொடியையே இன்னொரு முறை போட்டுத் தேயுங்கள். தேய்த்து முடித்ததும் பிளைவுட் பலகையில் நான்கு ஓரமும் குண்டூசிப் பின் அடித்து இறுக்கி வையுங்கள்.

தோல் கிடைக்காவிட்டால் 300 ஜி.எஸ்.எம். வழவழப்பான பருத்தித் தாள் போதும். மெல்லிய தாளில் மட்டும் கீழே சொல்லும் மையைப் போடக் கூடாது. அதன் புளிப்பு சில வருஷத்தில் தாளை அரித்துவிடும். தோலில் சுண்ணாம்பு மிச்சம் இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

மை

அந்தக் காலத்துச் சுவடி மைக்கு வேண்டிய மூன்று சரக்கும் கொங்கு நாட்டின் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கின்றன: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின். ஐரோப்பியர் ஓக் மரத்துக் காய்ப்புகளைப் பயன்படுத்தினார்கள். மாசிக்காயும் அதே ஓக் இனத்து மரத்தில், குளவி முட்டையிட்ட இடத்தில் உருண்டு வருவதுதான். துளை இல்லாத, கனமான, கருநீலம் படர்ந்த காயாகப் பொறுக்குங்கள். துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, துவர்ப்பு குறைந்திருக்கும்.

மாசிக்காய் 30 கிராமை மாவாக்காமல் ஒன்றிரண்டாக இடித்து, 300 மி.லி. தண்ணீரில் ஒரு கிராம்பு போட்டு 5 நாள் மூடி வையுங்கள். கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், இரும்பு வேண்டாம். தண்ணீர் முக்கியம்: அவிநாசி, திருப்பூர்ப் பக்கத்து போர் தண்ணீரில் சுண்ணச் சத்து அதிகம், மை மங்கிக் கசடு தங்கும். சிறுவாணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ சரி. இரண்டும் இல்லையென்றால் கேன் தண்ணீர். மெல்லிய துணியில் வடிகட்டியபின் அன்னபேதி 15 கிராம், தூளாக்கிய பிசின் 10 கிராம் சேர்த்துக் கரையும்வரை கலக்குங்கள். அன்னபேதி பச்சைக் கட்டியாக இருக்க வேண்டும். காவி நிறத்துக்கு மாறிய பழைய சரக்கு ஏற்கெனவே துருப்பிடித்தது.

பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான். புது மையைத் தொட்டு எழுதினால் வெளிறிய சாம்பலாகத் தெரியும். உடனே ‘பத்தலை’ என்று இன்னொரு கரண்டி அன்னபேதியைக் கொட்டுவார்கள். கூடாது. காற்றுப் பட்டு ஒரு நாளில் தானாகக் கறுக்கும். காயில் பாதி எடைக்கு மேல் அன்னபேதி போனால் மிஞ்சிய இரும்பு பிற்பாடு மையைப் பழுப்பாக்கி, அடியில் இருப்பதையும் தின்னும். இந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம். மை பட்ட வேட்டி வெளுக்காது.

இறகு

வான்கோழி அல்லது வாத்தின் சிறகில் முன்னால் இருக்கும் நான்கைந்து பெரிய இறகுகளே பேனாவுக்கு ஆகும். வலக்கைக்காரருக்கு இடச் சிறகின் இறகு கைக்கு இடைஞ்சல் இல்லாமல் வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அடுத்த நாள் சட்டியில் சுட வறுத்த மணலில் தண்டை சில விநாடி செருகி எடுங்கள். பால் வெள்ளையாக இருந்த தண்டு கண்ணாடியாக மாறினால் பதம். பொரிந்து வீங்கினால் மணல் சூடு அதிகம். பிறகு சாய்த்துச் சீவி, நடுவே பிளந்து, முனையை 2 மி.மீ. அகலத்துக்கு நேராக வெட்டுங்கள். மெல்லிய கோடுகளுக்கு இன்னோர் இறகைக் கூராக வெட்டிக்கொள்ளுங்கள்.

பின்னல்

முதலில் தாளில். 18 × 48 சட்டம் போட்டு, அதற்குள் அகலத்துக்கு 3, உயரத்துக்கு 8 என்று 24 புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி 6 மி.மீ.; ஓரப் புள்ளி சட்டத்திலிருந்து 3 மி.மீ. இனி சிக்குக் கோலம் போட்ட கைக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள இடந்தோறும் இரண்டு சாய்கோடுகள் குறுக்காகக் கடக்கும். சட்டத்தைத் தொட்டதும் திரும்பும். இப்படி மொத்தம் 37 கடப்பு.

3க்கும் 8க்கும் மீ.பெ.வ. (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) 1. அதனால் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். உயரத்துக்கு 9 புள்ளி வைத்திருந்தால் மீ.பெ.வ. 3, மூன்று தனிக் கண்ணிகள் கிடைக்கும். தப்பில்லை, ஆனால் ஒற்றைக் கோட்டின் அழகு அதில் இல்லை. சட்டத்தின் அளவை மாற்றும்போது இந்தக் கணக்கை முதலில் பாருங்கள்.

இதுவரை வந்தது வெறும் பாய்ப் பின்னல். சுவடிகளில் காணும் முடிச்சுகள் மறிப்பு வைப்பதால் வருகின்றன. ஒரு கடப்பில் சின்னத் தடுப்புக் கோடு ஒன்றைப் போட்டால், அங்கே வரும் இரண்டு கோடும் ஒன்றையொன்று கடக்காமல் திரும்பிப் போகும். முதல் தடவைக்கு ஒன்று போதும்: நடுவில் மேலிருந்து கீழாகப் போகும் வரிசையில் 4வது, 5வது புள்ளிகளுக்கு இடையே. கிடையாக வைத்துக் கோட்டை விரலால் தொடர்ந்து பாருங்கள். இரண்டு கண்ணியாகப் பிரிந்துவிட்டால் தடுப்பை நிமிர்த்தி வையுங்கள், ஒன்றாகிவிடும். ஒற்றைக் கோட்டுப் பின்னலில் எந்தக் கடப்பை எடுத்தாலும் ஒரு திசை பிரிக்கும், மறு திசை சேர்த்தே வைக்கும். எத்தனை மறிப்பு வைத்தாலும் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

அடுத்து, போட்ட கோட்டை நடுவாக வைத்து இருபுறமும் 1.25 மி.மீ. விட்டுக் கோடிழுத்து நாடாவாக்குங்கள். நாடா 2.5 மி.மீ., நாடாக்களுக்கு இடையே சுமார் 1.7 மி.மீ. கறுப்பு நிரப்ப இடம் கிடைக்கும். அதைவிட நாடா தடித்தால் இடைவெளி அடைபட்டுப் பின்னலே தெரியாது. சட்டத்தில் திரும்பும் முனைகளைச் சற்று உருட்டுங்கள்; மூலைகளில் மட்டும் கூர் இருக்கட்டும்.

மேல் கீழ் போடுவதற்கு ஒரு விதி: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே வரும் கடப்பில், இடமிருந்து வலமாக ஏறும் நாடா மேலே. மேலும் கீழுமான புள்ளிகளுக்கு நடுவே வரும் கடப்பில், இடமிருந்து வலமாக இறங்கும் நாடா மேலே. இதைப் பிடித்துக்கொண்டால் நாடா ஒன்றின் வழியே போகும்போது மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறித்தான் வரும், மறிப்பு எத்தனை இருந்தாலும். அடுத்தடுத்து இரண்டு ‘மேல்’ வந்தால் கணக்கில் கோளாறு இல்லை. எங்கேயோ ஒரு கடப்பைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

தாளின் பின்புறம் பென்சில் கரியைத் தேய்த்து, தோலின்மேல் வைத்துக் கூரான முனையால் அழுத்தி நகலெடுங்கள். லிண்டிஸ்பார்ன் சுவடியை எழுதியவர் என்று கருதப்படும் ஈட்ஃப்ரித், 698 முதல் 721 வரை அங்கே பிஷப்பாக இருந்தவர். அந்தச் சுவடியில் கவராயம் குத்திய துளைகளும் ஈய முனைக் கோடுகளும் ஏட்டின் பின்பக்கத்தில் இன்னமும் தெரிகின்றன. அத்தனை பெரிய கைக்காரரே வெறுங்கையில் போடவில்லை.

கூர் இறகால் வெளிக்கோடு, காய்ந்தபின் இடைவெளிகளில் கறுப்பு. தூணுக்குப் பக்கத்தில் ‘இன்’ என்ற சொல்லின் லத்தீன் ‘என்’ எழுத்து 24 மி.மீ., அடுத்த எழுத்து 16, அதற்கடுத்தது முதல் 10 என்று இறக்கிக்கொண்டே போங்கள். அயர்லாந்தின் மிகப் பழைய சுவடிகளில் ஒன்றான கத்தாக்கில் இந்த இறக்கம் தெளிவாகத் தெரியும். 10 மி.மீ. என்பது 2 மி.மீ. முனைக்கு ஐந்து மடங்கு. முனையை ஏறக்குறைய கிடையாகவே பிடிக்க வேண்டும். ஆங்கிலச் சாய்வெழுத்துப் பழக்கத்தில் 45 பாகை பிடித்தால் இந்த எழுத்தின் உருண்டை முகம் போய்விடும்.

வண்ணம்

பிணைப்புக்கு முட்டை வெள்ளை. நாமக்கல் முட்டை ஒன்றின் வெள்ளையை, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவு நுரையாக அடித்து, இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் அடியில் தெளிந்திருக்கும் நீரை மட்டும் எடுங்கள். அடிக்காத வெள்ளை நூல் நூலாக இழுக்கும், இறகில் இறங்காது. வண்ணம் அரைக்க அம்மி சரிப்படாது, கொத்திய குழிகளில் நிறம் தங்கிவிடும். மெருகேற்றிய கிரானைட் துண்டும் அடி தட்டையான கண்ணாடி டம்ளரும் போதும்.

நீலத்துக்கு அவுரி. கெல்ஸ், லிண்டிஸ்பார்ன் நீலங்களை லாபிஸ் என்னும் நீலக் கல் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ராமன் ஒளிச் சோதனையில் அது தாவர நீலம் என்று தெரிந்தது. அவர்கள் செடி வேறு, நிறப்பொருள் நம் அவுரியில் இருப்பதேதான். ஆனால் தலைக்குப் போடுகிற அவுரி இலைப் பொடியை வாங்கிவிடாதீர்கள், அது வெறும் இலை. இயற்கைச் சாயம் போடுபவர்களிடம் நீலக் கட்டியாகக் கேளுங்கள்.

அவர்கள் மஞ்சளுக்குப் போட்ட அரிதாரம் ஆர்சனிக், சிவப்புக்குப் போட்டது ஈயச் செந்தூரம். இரண்டையும் வீட்டில் அரைக்கவே கூடாது. மஞ்சள் காவியும் செங்காவியும் வையுங்கள். சிவப்பு பளிச்சென்று வேண்டுமானால் கடையில் விற்கும் குவாஷ், அதாவது அடி தெரியாதபடி மூடும் நீர்வண்ணம். ஈரோட்டு மஞ்சளைத் தொட நினைப்பவர்களுக்கு: வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், சுண்ணாம்பு மிஞ்சிய தோலில் பட்டால் சிவந்தும் போகும், குங்குமம் செய்வதே அப்படித்தானே. பச்சைக்கு நீலத்தோடு மஞ்சள் காவியைக் கலக்கலாம். செம்புக் களிம்புப் பச்சை வேண்டாம். கெல்ஸ் சுவடியில் அது சில இடங்களில் தோலையே அரித்துத் துளைத்திருக்கிறது.

செம்புள்ளிகள் கடைசி. எழுத்தின் வெளிக்கோட்டிலிருந்து 1.5 மி.மீ. தள்ளி, புள்ளிக்குப் புள்ளி அதே 1.5 மி.மீ., இரண்டு வரிசை. தூரிகையில் வைத்தால் ஒன்று பெரிசு ஒன்று சிறிசாகிவிடும். கூர் இறகின் நுனியில் தொட்டு நேராகக் குத்தி எடுங்கள். பத்துப் புள்ளிக்கு ஒரு முறை முனையைத் துடையுங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இந்த வேலைக்குப் பெரிய எதிரி. மை இறகிலேயே காயும், தூசி ஈரத்தில் ஒட்டும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு காலையில் செய்யுங்கள். ஃபேன் வேண்டாம்.

முடிந்ததை லேமினேஷன் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் தோல் சுருங்கி முட்டை வெள்ளை வெடிக்கும். சட்டம் போடும்போது கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி 3 மி.மீ. இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். தோலை முழுக்கப் பசை போட்டு ஒட்டாமல் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் தாள் கீற்றால் பிடித்துவிடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அது விரிந்து சுருங்க இடம் வேண்டும்.