மூலத் தரவுகளிலிருந்து தொகுக்கப்பட்ட நிகழ்வெண் பட்டியல் அமைக்கும் முறை

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் 100க்குப் பெற்ற மதிப்பெண்கள் வரிசையின்றிக் கிடைத்துள்ளன என்று கொள்வோம். இவற்றைப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மாணவர்கள் உள்ளனர் (நிகழ்வெண்) என்று காட்டும் பட்டியலை அமைக்க, முதலில் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் கண்டறிய வேண்டும். அவை 23, 96 எனில் அவற்றின் வேறுபாடான வீச்சு 73 ஆகும்.

எத்தனை பிரிவுகள் வேண்டும் என்பதற்கு 1926இல் புள்ளியியலாளர் ஸ்டர்ஜஸ் தந்த வாய்பாடு ஏறத்தாழ 6 அல்லது 7 என்று வழிகாட்டுகிறது. ஆயினும், படிப்பவருக்கு எளிதாக இருக்கும் பொருட்டுப் பிரிவின் அகலத்தை 10 எனக் கொண்டு, 20–30 முதல் 90–100 வரை எட்டுப் பிரிவுகள் அமைப்பதே மேல் என்பது என் கருத்து.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது எல்லை மதிப்புகளில்தான். விலக்கிய முறையில் மேல் எல்லை அப்பிரிவைச் சேராது என்பதால், 30 மதிப்பெண் 20–30இல் அன்றி 30–40இல்தான் இடம்பெறும். (எவரேனும் 100 பெற்றிருந்தால் 100–110 என்ற பிரிவும் தேவைப்படும்.) 20–29, 30–39 என உள்ளடக்கிய முறையில் எழுதினால் இக்குழப்பம் எழாது, ஆனால் நிகழ்வுச் செவ்வகம் (நிகழ்வெண்களை இடைவெளியின்றி அடுத்தடுத்த செவ்வகங்களாகக் காட்டும் வரைபடம்) வரையும்போது எல்லைகளை 19.5–29.5, 29.5–39.5 எனத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி, ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய மதிப்பெண்களைப் பட்டியல் முழுவதும் தேடித் திரியாமல், முதல் எண்ணிலிருந்து வரிசையாகச் சென்று, ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, உரிய பிரிவில் ஒரு நேர்க்கோட்டுக் குறி இட வேண்டும். ஐந்தாவது குறியை முந்தைய நான்கின் குறுக்கே இடுவது எண்ணுவதை எளிதாக்கும். குறிகளை எண்ணி நிகழ்வெண்களை எழுதிய பின் அவற்றின் கூடுதல் 40 ஆக வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். வராவிட்டால் குறியிடும் பணியை முதலிலிருந்தே செய்வது நல்லது.